மூன்றை நாலாக்கியவனுக்கு

அன்புள்ள மகனுக்கு, மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாளாக.

நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். அம்மா நலம். தையல் கடை நலம். கண்டியில் மழை ஓய்கிற மாதிரி இல்லை, அதுவும் நலமாகத்தான் இருக்கிறது. நான் மட்டும் களைத்துப்போயிருக்கிறேன். நீ கொழும்பில் ஹோட்டல் பேண்டோடு தங்கியிருக்கிறாய், சீக்கிரமே அவர்களோடு பினாங்குக்குக் கப்பல் ஏறப்போகிறாய் என்பதெல்லாம் அந்தோனிமுத்து வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெற்ற அப்பனுக்கு மகனைப் பற்றி மாதா கோயில் பேண்டில் கார்னெட் ஊதுகிறவன் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபமாக எழுதவில்லை. வத்தேகமத் திருநாளில் அத்தனை சனத்துக்கு முன்னால் உன்னைத் திட்டியவன் நான். அதற்குப் பிறகும் நீ என்னிடம் சொல்லிக்கொண்டு போவாய் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் கப்பல் ஏறுவதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துவிடு. பிலோமினா வீட்டுக்கு நான் போய்வந்த கதையைக் கடைசியில்தான் எழுதுவேன். நேரே அங்கே தாவிவிடாதே. உன் அவசரம் எனக்குத் தெரியும்.

கோயில் பேண்டில் பெரிய டிரம்மை என்னிடம் கொடுத்தது என் தாள ஞானத்தைப் பார்த்து அல்ல, என் வயிற்றைப் பார்த்து. வாரை மாட்டினால் டிரம் வந்து உட்கார ஒரு மேடை வேண்டும், அது புசல்லாவைத் தோட்டத்திலிருந்து தையல் படிக்க வந்த இந்தப் பையனுக்கு இருக்கிறது என்று அப்போதிருந்த சாமியார் சிரித்துக்கொண்டே சொன்னார். காலடி ஒன்றுக்குத் தட்டு ஒன்று, அவ்வளவுதான் என் சங்கீதம். கிழமை முழுவதும் மெஷினைக் காலால் மிதிப்பேன், ஞாயிற்றுக்கிழமை டிரம்மைக் கையால் அடிப்பேன். திருநாளில் மாதாவின் கூடு தூக்குகிறவர்களுக்கும் பிரேதப்பெட்டி தூக்குகிறவர்களுக்கும் நான் அடிக்கிற அந்த ஒற்றைத் தட்டுத்தான் வழி. அலுத்துப்போகிற வேலைதான். ஆனாலும் என் தட்டு நகராமல் நின்றால்தான் மற்றவர்கள் இஷ்டத்துக்கு ஊதவும் உருட்டவும் முடியும் என்ற எண்ணத்தில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நீ நன்றாக அறிவாய். அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

உனக்குத் தாள அடி எப்போது பிடிபட்டது என்று எனக்கு ஞாபகமில்லை, அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. நான் மெஷின் மிதிக்கும்போது நீ வெட்டு மேசைக்குக் கீழே உட்கார்ந்து அளவுகோலால் மேசைக்காலைத் தட்டிக்கொண்டிருப்பாயாம். மெஷினைப் பார்த்துப் பழகுகிறான் என்று நான் மகிழ்ந்தபோது அவள், "அவன் எங்க மெஷினோட போறான்? அதோட சண்டையில்ல போடுறான்" என்றாள். கவனித்துக் கேட்டேன். என் மிதி இரண்டு போகிற நேரத்துக்குள் உன் தட்டு மூன்று போயிற்று. மெஷின் நின்றால் உன் தட்டும் நின்றுவிடும், எதிர்த்து அடிக்க ஆள் இல்லை அல்லவா. பிறகு நீ கோயிலில் சின்ன டிரம்மை எடுத்தாய். துரைமார் ஆடுகிற ஹோட்டலில் உன்னைக் கூப்பிட்டார்கள். முதல் நாள் அங்கிருந்து வந்து நீ கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வெட்டு மேசையில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு எங்களை நிற்கவைத்துத் தட்டிக் காட்டினாய். வால்ட்ஸ் ஆடும்போது ஒரு சுற்றுக்கு மூன்று அடி, பொக்ஸ்ட்ரொட்டுக்கு நாலு. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைத் தொடங்கினால் துரைகளும் துரைசாணிகளும் கதிரைக்குத் திரும்பி உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் நிறுத்தாமல், சின்ன அடிகள் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, மூன்று மூன்றாகக் கட்டியதை நாலு நாலாகக் கட்ட வேண்டும். அடி மாறவில்லை, கட்டு மட்டும் பெரிதாகிறது, ஆடுகிறவர்களின் கால் தன்னையறியாமல் மெதுவாகிறது. அதற்கு முன் கொஞ்ச நேரம் ஒரு கை பழைய கட்டிலும் மறு கை புதுக் கட்டிலுமாக இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டும் என்றாய். அப்போதுதான் கேட்கிறவர்களுக்குத் தூக்கிப்போட்ட மாதிரி இருக்காதாம். எனக்குத் தலை சுற்றியது. அம்மாதான் கேட்டாள், "ரெண்டு கையும் ஒரே வழியாப் போனா ஆகாதா? எதுக்கு இப்புடிச் சுத்திப் போகணும்?" நீ, "ரெண்டும் போய் ஒரு எடத்துல சேருதில்லம்மா, அந்த எடத்துலதான் சுகமே" என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்தது என்று உன்னிடம் சொல்லவில்லை. ஹோட்டல் வேலையைக் கோயிலுக்குக் கொண்டுவராதே என்று மட்டும் சொன்னேன்.

இனி வத்தேகம. உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் நான் எப்படிப் பார்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். கடைத்தெருவைத் தாண்டி ஏற்றம் தொடங்குகிற இடம். முன்னால் நம் பேண்ட், பின்னால் மாதா சுரூபம் வைத்த கூடு. கலகெதரையில் கடை வைத்திருந்தாலும் பிலோமினாவின் அப்பா சூசை வருசா வருசம் பிறந்த ஊருக்கு வந்து கூட்டுக்குத் தோள் கொடுப்பது அவருடைய நேர்த்திக்கடன். இந்த முறை பின்வரிசையில் ஓரத்தில் நின்றார். காலையில் என்னைக் கண்டதும் "வாங்க சம்மந்தி" என்று கட்டிப்பிடித்தார். உனக்கும் பிலோமினாவுக்கும் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிற பேச்சை அந்த வாரமே முடித்துவிடுவதாக இருந்தோம். ஏற்றத்தில் பாதி தூரம் போயிருப்போம். நீ சின்ன டிரம்மில் காலடிக்கு மூன்றாக உருட்டிக்கொண்டிருந்தாய். திடீரென்று கட்டை மாற்றினாய். அதே வேகத்தில் அடிகள் ஓட, காலடிக்கு நாலு. என் கை அதற்குள் போய் விழுந்ததை நானே உணர்ந்தேன். கார்னெட் பாட்டை இழுத்தது. முன்வரிசைக்காரர்கள் பேண்டைப் பார்த்து நடக்கிறவர்கள், அவர்கள் காலை மெதுவாக்கிவிட்டார்கள். பின்வரிசைக்காரர்கள் கூட்டைத் தாங்கும் மரத்துக்குக் கீழே தலையைக் குனிந்தபடி காதால் நடக்கிறவர்கள். அவர்கள் பழைய நடையிலேயே வந்து முன்னே தள்ளினார்கள். கூடு ஒரு பக்கம் சாய்ந்தது. சனம் அலறிக்கொண்டு ஓடிவந்து தாங்கியது. மாதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சூசையின் கணுக்கால் கல்லில் மடிந்து முறிந்தது.

அவரைத் தூக்கி ஓரமாக வைப்பதற்குள் நான் உன் மேல் பாய்ந்துவிட்டேன். "மாதாவுக்கு முன்னாடியாடா ஒன் ஹோட்டல் கூத்து?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அவற்றை இங்கே எழுதக் கை கூசுகிறது. நீ என் முகத்தைப் பார்த்தாய். ஏதோ சொல்லப்போகிறாய் என்று நினைத்தேன். "ஆமாப்பா, தப்புதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாரைக் கழற்றினாய். சூசை அங்கேயே, வலியோடு வலியாக, மாதாவிடம் விளையாடினவனுக்கு என் மகள் இல்லை என்று சொல்லிவிட்டார். பேண்டிலும் இனி நீ வேண்டாம் என்றார்கள். எதற்கும் நீ வாய் திறக்கவில்லை. ஒரு துணிப்பையோடு கொழும்பு ரயிலேறினாய். சரியான தண்டனைதான் கிடைத்தது என்று நான் நினைத்தேன், மகனே. அப்படித்தான் நினைத்தேன். அம்மா சில நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு டவுனில் ஒரு சாவு. உனக்குப் பதிலாகத் தபால் கந்தோரில் வேலை செய்கிற ஒருவரைச் சின்ன டிரம்முக்குப் பிடித்திருந்தார்கள். நல்ல மனிதர், நேராக அடிப்பார், நகாசு ஒன்றும் கிடையாது. நடக்கத் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே இரண்டு டிரம்மும் வேறு வேறாகப் போயின. பெட்டி தூக்கினவர்களின் கால்கள் பின்னிக்கொண்டன. செத்தவரின் மூத்த மகன் திரும்பி எங்களை ஒரு பார்வை பார்த்தான், அந்தப் பார்வையை மறப்பது கஷ்டம். சேமக்காலையில் அடக்கம் முடிந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றோம். "அவரு ஓடுறாரு அந்தோனி, கவனிச்சியா?" என்றேன். அவன் கார்னெட்டைத் துடைத்துக்கொண்டே, "அவரு ஓடல அண்ணே" என்றான்.

"பின்ன?"

"நீங்க நிக்கிறீங்க."

எனக்கு விளங்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "கை எறங்கிப் போச்சு அண்ணே. ஏத்தத்துல மட்டுமில்ல, சமதரையிலயும் பின்னுக்குப் போயிருது. ரொம்ப நாளாவே இப்புடித்தான். தம்பி இருந்த வரைக்கும் வெளிய தெரியல. நீங்க எங்க விழுந்தாலும் அதுதான் சரியான எடம்னு தோணுற மாதிரி சுத்தி அடிச்சிருவான். கொஞ்சமாப் பின்னுக்குப் போனா கொஞ்சமா அகலப்படுத்துவான். அன்னைக்கி ஏத்தத்துல நீங்க ஒரேயடியா விழுந்துட்டீங்க. வேற வழி இல்லாமத்தான் மூணை நாலாக்கி ஒங்களத் தாங்குனான். நான் அவன் கையப் பாத்துத்தான் ஊதுனேன்."

"எங்கிட்ட ஏன் ஒருத்தனும் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டான் அண்ணே. 'அப்பாவுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்'னான்."

நான் நம்பவில்லை. மறுநாள் கடையில் துணி வைக்காமல் அம்மாவை மெஷின் மிதிக்கச் சொன்னேன். அவள் மிதி எப்போதும் சீரானது. நான் மேசையில் தட்டினேன். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாகப் போயின. கொஞ்ச நேரத்தில் அவள் ஒரு இடத்திலும் நான் ஒரு இடத்திலும் இருந்தோம். திரும்பத் திரும்பத் தொடங்கினேன். தோளிலிருந்து கை கீழே வருவதற்குள் காலம் முன்னே போய்விடுகிறது, அதை நானே பார்த்தேன். "போதும், விடுங்க" என்றாள். பிறகு முந்தானையால் மெஷினைத் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை.

வெட்கமாக இருந்தது. மூலையில் வைத்த டிரம்மைப் பார்க்கவே முடியவில்லை. நான் மற்றவர்களைத் தாங்குகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்த தெருவெல்லாம் என்னைத்தான் ஒருவன் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அப்படித் தாங்கினவனையே பழிகாரனாக நிறுத்தியிருக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும், அந்த ஒரு வரி போதாது என்று தெரிந்தும் எழுதுகிறேன்: என்னை மன்னித்துவிடு. ஆனால் வெட்கம் கொஞ்சம் அடங்கியதும் உன்மேல் எனக்குக் கோபமும் வந்தது, அதையும் மறைக்கமாட்டேன். வாசிப்பைப் பற்றி உனக்குச் சொல்லித்தர எனக்கு யோக்கியதை கிடையாது. ஒற்றைத் தட்டுக்காரன், அந்த ஒற்றைத் தட்டும் பிசகிப்போனவன். ஆனாலும் உட்கார்ந்து யோசிக்க எனக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது, யோசித்ததைச் சொல்கிறேன்.

நீ மூன்றை நாலாக்குவது வெறும் வித்தையல்ல என்று எனக்கு இப்போது தெரிகிறது. தளர்ந்து போகிற நடையைத் தளர்ச்சி என்று காட்டாமல், வேண்டுமென்றே வைத்த மெதுநடையாக ஆக்கிவிடுகிறாய். அதைவிட ஒரு டிரம் வேறு என்ன நல்லது செய்யும்? பினாங்கில் நீ எத்தனை கட்டுகளைக் கற்றாலும், எதற்காக மாற்றுகிறேன் என்ற கேள்விக்கு உன்னிடம் இப்படி ஒரு பதில் இருக்கட்டும். பதில் இல்லாத நாளில் நேராகவே அடித்துவிட்டுப் போ, யாரும் குறை சொல்லமாட்டார்கள். மாற்றும்போது ஓடுகிற அந்தச் சின்ன அடியை மட்டும் அசையவிடாதே, கேட்கிறவன் பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு கட்டும் சேர்ந்து ஓடுகிற நேரத்தைக் குறைத்துவிடாதே. அன்று ஏற்றத்தில் உனக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை, என் கை உனக்கு அவகாசம் தரவில்லை. பின்வரிசைக்காரர்கள் கேட்டுத் திருந்துவதற்குள் முன்வரிசை மாறிவிட்டது. ஹோட்டலில் ஆடுகிறவன் தடுமாறினால் சிரித்துக்கொண்டு மறுபடி காலை வைப்பான். தோளில் மரம் இருக்கிறவனுக்கு அந்த வசதி இல்லை. யார் தோளில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடி.

இன்னொன்று. இரண்டும் போய் ஒரு இடத்தில் சேருகிற சுகத்தைப் பற்றிச் சொன்னாயே. சேருகிற இடம் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தால்தானே அது சேர்க்கை? உனக்குத் தெரிந்திருந்தது, அந்தோனிக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது. 'அப்பா, கை இறங்குகிறது' என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் குதித்திருப்பேன், உன்னை அடிக்கக்கூட வந்திருப்பேன், வீட்டில் சோறு இறங்கியிருக்காது. ஆனால் அந்த ஏற்றத்தில் வேறு யாராவது என் டிரம்மைக் கட்டிக்கொண்டு நடந்திருப்பார்கள். சூசை இன்றைக்கு இரண்டு காலில் நின்றிருப்பார். நீ என்மேல் வைத்த பாசத்துக்கு அந்த மனிதர் காலைக் கொடுத்தார். இதைப் படிக்க உனக்கு வலிக்கும். எழுதும்போது எனக்கும் வலிக்கிறது.

சரி, கலகெதர. சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போனேன். போய் இறங்குவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். சூசை கடை வாசலில் கதிரையில் உட்கார்ந்து, காலை ஒரு பெட்டிமேல் நீட்டி வைத்திருந்தார். "வாங்க டெய்லர்காரரே" என்றார். சம்மந்தி போய் டெய்லர்காரர் ஆகியிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என் கை போய்விட்டது, அது எனக்கே தெரியாது, மகன் அதை மூடத்தான் அடித்தான், மாதாவிடம் அவன் விளையாடவில்லை என்றேன்.

"அப்ப என் கால ஒடச்சது அவன் இல்ல, நீங்கன்னு சொல்ல வந்தீங்களா?"

"ஆமா."

"இந்த மழையில, பஸ்ஸு ஏறி, இதச் சொல்லவா?"

"ஆமா."

அவர் காலைப் பெட்டியிலிருந்து இறக்கினார். "கோவப்பட்டுக்கிட்டு இருக்க ஒரு ஆள வச்சிருந்தேன். அதையும் மாத்திப்புட்டீங்க" என்றார். பிறகு காலால் அந்தப் பெட்டியை என் பக்கம் தள்ளினார், வலியில் முகம் சுளித்தது. நான் உட்கார்ந்தேன். அதற்குள் பிலோமினா பிளேன்டீ கொண்டுவந்தாள். அவ்வளவையும் உள்ளே நின்று கேட்டிருக்கிறாள், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மெலிந்திருந்தாள். "எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல, அவளக் கேளுங்க, வாழப்போறவ அவ" என்று சூசை முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. காரியம் முடிந்தது, உனக்குத் தந்தி அடித்துவிடலாம் என்றே நினைத்துவிட்டேன்.

அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் குரலில் இளக்கம் இல்லை. "அன்னைக்கி அவரு வாரக் கழட்டுறப்ப நான் பக்கத்துலதானே மாமா நின்னேன். ஏங்க இப்புடிச் செஞ்சீங்கன்னு கேட்டேன். தப்புதான்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு. என்னை வேணாம்னு சொன்னது எங்கப்பாதான். நான் சொல்லலியே. எங்கிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"என்னக் காட்டிக்குடுக்க அவனுக்கு மனசு வரலம்மா."

"வரலதான். நாளைக்கி எனக்கு ஒண்ணு வந்தாலும் இப்புடித்தான் மூடுவாரு. நான் விழ விழ, நான் நல்லா நடக்குறேன்னே என்னை நம்ப வச்சுக்கிட்டு இருப்பாரு. எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியாது. உங்கள மாதிரி ஒரு நாளு மழையில நின்னு அடுத்தவங்க வாயால கேக்கணுமா மாமா? எனக்கு வேணாம். முகத்தப் பாத்துச் சொல்றவரா இருந்தா வரச் சொல்லுங்க. அவரு வாயாலயே முழுசாச் சொல்லட்டும். கேட்டுட்டு என் பதிலச் சொல்றேன்."

பிளேன்டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். நான் படியிறங்கும்போது சூசை, "பாத்துப் போங்க, வழுக்கும்" என்றார். சம்மந்தி என்று சொல்லவில்லை, டெய்லர்காரரே என்றும் சொல்லவில்லை.

பினாங்குக்குப் போவதா நிற்பதா என்பதை நான் சொல்லமாட்டேன். நல்ல வேலை, நல்ல பேண்ட் என்று அந்தோனி சொல்கிறான். அவளிடம் சொல்லிவிட்டும் நீ போகலாம், அவள் காத்திருப்பாளா என்பது அவள் பாடு. ஆனால் சொல்லாமல் போனால், அந்தப் பெண் சொன்னது சரிதான் என்று ஆகிவிடும். நீ நல்லவன் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. நல்லவனாக இருந்துகொண்டு வாயை மூடிக்கொள்வாய் என்பதுதான் அவளுக்குப் பயம். எனக்கு அவள்மேல் மரியாதை வந்துவிட்டது. உன் அம்மா, அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எனக்கே இத்தனை வருசத்துல கேக்கத் தோணலியே" என்றாள்.

வருவதானால் நேரே கலகெதரைக்குப் போகாதே. கண்டியில் இறங்கு. கடைக்கு வா. அம்மா இருக்கும்போதே என் முகத்தைப் பார்த்து, 'அப்பா, உங்க கை போச்சு' என்று சொல். சத்தமாகச் சொல். அந்தோனி சொல்லி, மெஷின் சொல்லி, நானே உனக்கு எழுதியும் ஆயிற்று. ஆனால் நீ சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வரும், அநேகமாகக் கத்துவேன். நீ பின்வாங்காமல் அங்கேயே நில். என்னிடம் சொல்ல முடிந்தவனுக்கு அவளிடம் சொல்வது பெரிய காரியமில்லை. நான் கத்தி முடித்ததும் உன்னைக் கலகெதர பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.

உன் அப்பா